மீட்டிங்குக்கு முன்னும் பின்னும் மதுரை வெயில்: கேமராவோடு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சென்னை, கோவை, பெங்களூர் என்று மாதத்துக்கு நாலைந்து பேர் இரண்டு நாள், மூன்று நாள் வேலையாக வருவார்கள். யாராவது ஒருவர் பையிலாவது லேப்டாப்புக்குப் பக்கத்தில் கேமரா இருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் நான் கரடு கரடாக ஏறி இறங்குகிறவன் என்பது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிடும். டீ குடிக்கப் போகும் நேரத்தில் கேள்வி ஆரம்பிக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெய்சல்மேரில் பாலைவன நகரம் எடுத்திருக்கிறேன். மதுரைப் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?

அலை அலையாக மணல் வேண்டுமென்றால் இங்கே கிடையாது. வைகையில் கொஞ்சம் இருந்தது, அதையும் அள்ளிவிட்டார்கள். மணல்மேடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுக்குப் போங்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் குதிரைமொழித் தேரியில் செக்கச்செவேலென்று மணல் குவிந்து கிடக்கும், நடுநடுவே பனை. ஆனால் போய்ச் சேரவே அரை நாள் ஆகும். தனுஷ்கோடியும் அப்படித்தான். 1964 புயலில் அழிந்த ஊர், மணலில் நிற்கும் தேவாலயச் சுவர், இருபுறமும் கடல். அதற்கு ஒரு முழு நாள் லீவு வேண்டும். வேலைக்கு வந்த இடத்தில் அது நடக்காது.

ஆனால் நம் ஆட்கள் பாலை என்றபோது மணலை மனதில் வைத்துச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தன் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்து வருகிற வழியில் வரும் பேச்சு அது. அந்த வழி இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பங்குனி மாதம் மேலூர் ரோட்டில் வண்டியை நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். வெடித்த கண்மாய், பொட்டல், மொட்டைப் பாறை, சீமைக்கருவேலம், வெக்கையில் நெளிகிற தார் ரோடு. இதற்கு நடுவில் ஒரு பெரிய ஊர் உட்கார்ந்திருக்கிறது. புது மழைக்குப் பிறகு வந்தால் அதே இடம் பச்சையாக இருக்கும். இடம் அதேதான், பொழுதுதான் மாறியிருக்கும்.

பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று இலக்கணம். படம் எடுக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. அதனால்தான் இந்த ஊரில் வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம், வேலைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் என்று கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். சுற்றுலா வருபவர்கள் பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நடு வெயிலில் இறங்குவார்கள், பாவம்.

எந்த மாதம், எந்த நேரம்?

மாதம் உங்கள் மேனேஜர் கையில் இருக்கிறது. நேரத்தைச் சொல்கிறேன்.

மதுரை 10 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஜெய்சல்மேர் கடகரேகைக்கு வடக்கே, 27 டிகிரியில். அங்கே எந்த நாளிலும் சூரியன் நேர் உச்சிக்கு வராது, நடுப்பகலிலும் சுவரோரம் ஒரு துண்டு நிழல் மிஞ்சும். மதுரையில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். சித்திரை பிறந்த கையோடு ஒரு முறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறை. நண்பகல் 12:20-ஐ ஒட்டி விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே போய்விடும். அன்றைக்கு மட்டும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி அந்த ஒளியில் மனித முகத்தை எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் பல வாரங்களுக்கு இதே கதைதான். காலை எட்டரை தாண்டினாலே ஒளி தட்டையாகிவிடும்.

சூரியன் உதிப்பது மே, ஜூனில் ஆறு மணி வாக்கில், தை மாசியில் 6:40 வரை தள்ளும். மறைவது கார்த்திகையில் ஆறுக்குள், ஆடியில் 6:40 வாக்கில். முக்கியமான சங்கதி, இங்கே அந்தி நீளாது. சூரியன் இறங்கிய இருபது நிமிடத்தில் வெளிச்சம் போய்விடும். வெளிநாட்டில் படம் எடுத்துப் பழகியவர்கள் ட்ரைபாடை நிதானமாக விரித்துக் கொண்டிருக்கும்போதே இருட்டிவிடும்.

மாதம் தேர்ந்தெடுக்க முடிந்தால், வறட்சி வேண்டுபவர்களுக்குப் பங்குனி. கத்திரி வெயிலில், மே மாதம், 40 டிகிரி சர்வசாதாரணம். அப்போது வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆடியில் காற்று தூக்கும், புழுதி எழும்பும். எதிர்வெயிலில் அந்தப் புழுதிக்குள் ஒரு ஆட்டு மந்தை வந்தால் அந்த வருஷத்துக்கான படம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. பாலை மறைந்துவிடும்.

எனக்கு ஒரே ஒரு காலைதான் இருக்கிறது. ஒன்பதரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டும்.

கீழக்குயில்குடி. வேறு பேச்சே இல்லை.

தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், ஊருக்கு மேற்கே, சமணர் மலை. டவுன் பஸ் உண்டு, எண்ணிக்கை குறைவு. முதல் நாள் இரவே ஒரு ஆட்டோக்கார அண்ணனிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், விடிவதற்கு முன் கிளம்பினால் அரை மணி நேரத்தில் அடிவாரம். அங்கே ஒரு பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம். தாமரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளத்தங்கரையில் நேரத்தை வீணாக்காதீர்கள், எல்லோரும் எடுப்பது அது. படியேறுங்கள்.

கொஞ்ச தூரம் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், சமணத் தீர்த்தங்கரர்களும் சமணத் துறவி பாகுபலியும். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியவை. ஆயிரத்து நூறு வருஷமாக மழையிலும் வெயிலிலும் திறந்தவெளியில் இருக்கின்றன, மூக்கு கூட அதிகம் தேயவில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புடைப்புச் சிற்பத்துக்கு முன்பக்கத்திலிருந்து வரும் ஒளி விரோதி. ஒளி பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனால்தான் கையும் காலும் பாறையை விட்டு எழுந்து வரும். அந்த உரசல் பத்து நிமிடம் இருக்கும், பிறகு சிற்பம் மறுபடி பாறைக்குள் போய்விடும். அதற்காக நான் நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு முறை மேகம், ஒரு முறை பேட்டரி.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வெளியே உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரை ஊர்க்காரர்கள் செட்டியார் என்று எடுத்துக்கொண்டார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. காதும் வயிறும் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை என்று தோன்றும். குகைக்குள்ளே சிங்கத்தின் மேல் ஏறி யானையை எதிர்க்கும் இயக்கி, அதாவது யட்சி, இருக்கிறாள். உள்ளே இருட்டு. ஃபிளாஷ் போடாதீர்கள், அழகு செத்துப்போகும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டு பாறையில் முழங்கையை ஊன்றி எடுங்கள். இது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். கையில் பிடித்து எடுப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ட்ரைபாட் விரித்தால் அனுமதி கேட்பார்கள்.

இன்னும் மேலே ஏறினால் வழவழப்பான மொட்டைப் பாறை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வெயில் புகைக்குள் மொத்த மதுரையும் கிடக்கும். அந்தப் படத்துக்குப் பெரிய ஜூம் வேண்டும், காலை ஏழுக்குள் வேண்டும். அதற்குப் பிறகு தூரத்தில் இருக்கிறதெல்லாம் வெக்கையில் நடுங்கிக் கரைந்துவிடும், எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை ஹைகோர்ட்டில். வெளியே வந்தால் எதிரே ஒரு யானை படுத்திருக்கிறது!

யானைமலை. உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளை 2004-ல் வந்ததிலிருந்து வழக்குக்கு வருகிற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வாய்தா வாங்குகிறார்கள். ஒரே பாறை, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளம். மதுரைப் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்கு மாலை வெயில் தான் அதன் மேல் நேராக விழும். சாம்பல் நிறம் மெல்ல இளஞ்சிவப்பாகி, கடைசி ஐந்து நிமிடம் சுட்ட செங்கல் நிறத்துக்குப் போகும். மலை முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்காதீர்கள். அடைத்தால் யானை சுண்டெலியாகிவிடும். முன்னால் ஒரு பனையையோ, கம்பியில் காயும் கருப்பு கவுனையோ வைத்து எடுங்கள்.

அடிவாரத்தில் நரசிங்கம் என்ற ஊர், நரசிங்கப் பெருமாள் குடைவரை. அங்குள்ள கல்வெட்டு 770-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர் மாறன் காரி குடைய ஆரம்பித்தார், முடிவதற்குள் இறந்துபோனார். அவர் தம்பி மாறன் எயினன் அண்ணன் பதவிக்கு வந்து, மண்டபம் கட்டி, குடமுழுக்கு செய்து முடித்தார். பாதியில் நின்ற ஃபைலை எடுத்து முடித்தவர் பெயரும் கல்லில் இருக்கிறது என்பதற்காகவே எனக்கு இந்தக் கோயில் பிடிக்கும். பக்கத்தில் லாடன் கோயில் என்கிற சின்ன முருகன் குடைவரை. கூட்டம் இருக்காது.

மலை மேல் ஏற ஆசைப்படாதீர்கள். வழுக்குப் பாறை, தனியாகப் போகிற இடமல்ல. இந்த மலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்று 2010 வாக்கில் ஒரு பேச்சு கிளம்பியபோது சுற்று ஊர் ஜனங்கள் திரண்டு நின்று தடுத்தார்கள். கீழே நின்று பார்த்தாலே ஏன் என்று புரியும்.

அரிட்டாபட்டி போகலாமா?

போகலாம், அரை நாளாவது இருந்தால். மேலூர் வட்டம், மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். ஏழு கரடுகள், இடையிடையே கண்மாய்கள், பாறை இடுக்கில் ஊற்றுகள். பிராமி எழுத்து உள்ள குகை ஒரு பக்கம், எட்டாம் நூற்றாண்டுச் சிவன் குடைவரை இன்னொரு பக்கம். அந்தக் குடைவரையில் இருக்கும், சிவனின் ஒரு வடிவமாகச் சொல்லப்படும் லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம்.

பறவை எடுப்பவர்களுக்கு இது சொர்க்கம். வல்லூறும் ராஜாளியும் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும். ஆனால் காத்திருக்க வேண்டும், ஆபீஸ் போன் வந்துகொண்டே இருந்தால் நடக்காது.

ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகக் கிளம்பிப் போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதற்குப் பிறகு கேமராவும் தொப்பியுமாக வருகிற புது ஆளைப் பார்த்தால் ஊருக்குள் ஒரு சந்தேகம் வருவது நியாயம்தான். நான் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா, "அளக்க வந்திருக்கியாப்பா?" என்று கேட்டார். "இல்ல ஆத்தா, சும்மா படம் பிடிக்க" என்றேன். "சும்மாவா இம்புட்டுத் தூரம் வருவாக?" என்று சிரித்தார். அவரிடம் கேமராவின் திரையைக் காட்டி, எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிய பிறகுதான் சுனைக்கு வழி சொன்னார். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் உட்காருங்கள், யார் என்ன என்று சொல்லுங்கள், பிறகு மலைக்குப் போங்கள்.

கோயில்? மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் எடுக்கலாமா?

முடியாது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு மொபைல்கூட உள்ளே கிடையாது, வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். கேமராவை லாட்ஜிலேயே வைத்துவிட்டுப் போய்ச் சும்மா சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள். கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு கோயில் இருக்கட்டும்.

வெளியே சித்திரை வீதிகளில் தாராளமாக எடுக்கலாம். காலையில் கீழக்கோபுரத்தின் வெளிமுகத்திலும், மாலையில் மேலக்கோபுரத்தின் வெளிமுகத்திலும் வெயில் விழும். தெற்குக் கோபுரம்தான் உயரம், 170 அடி. மொட்டைமாடியிலிருந்து நான்கு கோபுரமும் தெரிகிற படம் எல்லோரிடமும் இருக்கிறது, இணையத்தில் ஆயிரம் கிடைக்கும். சில கடைக்காரர்கள் "மாடிக்கு வாங்க சார், ஃப்ரீ" என்று கூட்டிப் போவார்கள். இறங்கும்போது கையில் ஒரு கம்பளம் இருக்கும்.

கோபுரத்தை விட்டுவிட்டு வீதியைப் பாருங்கள் என்பதே என் கட்சி. ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஊரே தாமரை இதழ் மாதிரி சதுரம் சதுரமாக விரிகிறது. இந்தக் குறுகிய சந்துகளில் காலை எட்டு மணிக்கு ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் கும்மிருட்டு. அந்தக் கோட்டைத் தாண்டி வருகிற சைக்கிளுக்காகக் காத்திருங்கள். தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓடுகிற பழைய புது மண்டபத்துப் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

லஞ்ச் இடைவேளை மட்டும்தான் கிடைக்கிறது.

நடுப்பகல் என்றால் கூரைக்குக் கீழே போய்விடுங்கள். திருமலை நாயக்கர் மஹால் அதற்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். 1636-ல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான். நடு முற்றத்தில் கொட்டுகிற உச்சி வெயில் தரையில் பட்டுத் திரும்பி, தூண்களின் அடிப்பக்கத்தையும் வளைவுகளின் கீழ்ப்பக்கத்தையும் வெளிச்சமாக்கும். வெளியே கொடுமையாக இருக்கிற அதே ஒளி உள்ளே வந்ததும் மெத்தென்று ஆகிவிடும். தூண் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தாமல் எடுத்தால் அதன் பருமன் தெரியாது. கேமராவுக்குத் தனி டிக்கெட். தூண்களில் பெயர் எழுதிய காதலர்களைத் தவிர்த்துச் சட்டம் போடுவது ஒரு கலை.

கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் வீதி காலியாக இருக்கும், கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், படுதாவுக்குக் கீழே வியாபாரிகள் தூங்குவார்கள். ஊர் வெயிலுக்கு அடங்கிக் கிடப்பதை எடுக்க வேண்டுமானால் அதுதான் சமயம். அதன் பிறகு கீழமாசி வீதிப் பக்கம் விளக்குத்தூணில் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஆபீஸ் போகலாம்.

மாலை ஐந்தரைக்கு விடுகிறார்கள்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் வெட்டியது, பதினாறு ஏக்கர், நடுவில் மைய மண்டபம். மஹால் கட்ட மண் எடுத்த பள்ளம் என்றும், தோண்டும்போதுதான் முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இதில் தண்ணீரே கிடையாது. வெடித்த தரையில் ஒரே நேரத்தில் பத்து கிரிக்கெட் மேட்ச் நடக்கும், மைய மண்டபத்தில் அடித்தால் சிக்ஸர். தை மாதத் தெப்பத் திருவிழாவுக்கு நீர் இல்லாமல் தேர் நிலையாக நின்ற வருஷங்கள் உண்டு. இப்போது வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பி வைக்கிறார்கள், மண்டபத்தின் நிழல் நீரில் தெரிகிறது. அழகுதான். பாலைவனப் படம் எடுக்க வந்தவருக்கு மட்டும் ஏமாற்றம்.

வறட்சி வேண்டுமென்றால் ஆல்பர்ட் விக்டர் பாலத்துக்குப் போங்கள், 1889-ல் திறந்தது, இன்னும் பஸ் ஓடுகிறது. கீழே வைகை. தண்ணீர் இல்லாத நாளில் மாடு, எருமை, கொக்கு, காயப்போட்ட வேட்டி, பந்து விளையாடும் பையன்கள், எல்லாம் ஆற்றுக்குள். மேற்கே சூரியன் இறங்கும்போது வாகனப் புகையும் புழுதியும் சேர்ந்து ஒரு மஞ்சள் திரை போடும். அழகர் இறங்குகிற நாளில் இதே இடத்தில் காலெடுத்து வைக்க முடியாது. அன்றைக்குப் படம் எடுக்க வேண்டுமானால் வேலை நிமித்தம் வந்துவிட்டு எடுக்க நினைக்காதீர்கள். லாட்ஜில் ரூமே கிடைக்காது.

கீழடி?

தொல்பொருட்கள், கட்டடம் எல்லாம் நன்றாக இருக்கும். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டுப் பாணிக் கட்டடம். சிலைமானைத் தாண்டியதும் வரும், மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பார்க்கப் போங்கள். படத்துக்காக என்றால் சுற்றியிருக்கும் தென்னந்தோப்பைத் தவிர ஒளி விளையாட அங்கே அதிக இடமில்லை.

ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால்?

மானாமதுரை, பரமக்குடி ரோடு. மானாமதுரையில் கடம் செய்கிற வேளார் வீடுகள், சூளைகள் இருக்கின்றன. ஆனால் நான் சொல்ல வருவது கரிமூட்டம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி, குவியலாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். காற்று புகாமல் நாள்கணக்கில் கனன்று கரியாகும். எங்காவது வெடிப்பு விட்டால் உடனே மண்ணள்ளிப் போட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சாம்பல். அதற்காக ஒருவர் இரவெல்லாம் பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். விடியற்காலையில் பொட்டல் வெளியில் மண் குவியல்களிலிருந்து நீலப் புகை தரையோடு படர்ந்து வரும். ராஜஸ்தானில் ஒட்டகம் எடுத்தவர்களிடம் நான் காட்டுகிற படம் இதுதான்.

எதிர்வெயிலில் நின்று எடுங்கள், புகை தெரியும். சூரியனை முதுகில் வைத்து எடுத்தால் புகை இருந்ததே தெரியாது. காற்று வரும் திசையில் நில்லுங்கள், இல்லாவிட்டால் மூன்று நாளைக்கு இருமல்.

ஆட்களை எடுத்தால் சண்டைக்கு வருவார்களா?

மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று சினிமா பார்த்துப் பயந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். "அண்ணே, என்னைய எடு" என்று அவர்களே கூப்பிடுவார்கள். மல்லிகை மொட்டாகத்தான் வரும், ராத்திரிதான் விரியும், அதனால் வெள்ளை மொட்டுக் குவியலை எடுக்கும்போது ஒளியளவை ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெள்ளை சாம்பலாகிவிடும்.

கேட்டு எடுங்கள், அவ்வளவுதான். வேலை செய்கிறவர்களைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுப்பது எனக்குப் பிடிக்காது, அந்தப் படங்களும் நன்றாக வருவதில்லை. கேட்டால் முதலில் விறைப்பாக நிற்பார்கள். இரண்டு படம் எடுத்துக் காட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள், கேமராவை மறந்துவிடுவார்கள். படத்தை வாட்ஸாப்பில் அனுப்புகிறேன் என்று சொன்னால் கண்டிப்பாக அனுப்ப வேண்டும். ஊருக்குப் போய் மறந்துபோனவர்களுக்காக அடுத்து போகிற நான்தான் பேச்சு கேட்க வேண்டியிருக்கிறது.

கருப்பசாமி, அய்யனார் கோயில்களில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

தனியாக வருகிற பெண் நான். போகலாமா?

எங்கள் ஆபீஸுக்கு வந்த இரண்டு பெண்கள் போய் வந்து சொன்னதை வைத்துச் சொல்கிறேன். கீழக்குயில்குடியில் காலை நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் இருப்பார்கள், படிக்கட்டுப் பகுதி வரை பிரச்சினை இல்லை. பூ மார்க்கெட், சித்திரை வீதிகள், தெப்பக்குளம் எல்லாம் எந்த யோசனையும் வேண்டாம். அரிட்டாபட்டியும் கரிமூட்டமும் உள்ளூர் ஆள் ஒருவரோடு. மாலையில் பாறைப் பக்கம் வேண்டாம், அந்த நேரத்தில் பாட்டிலோடு உட்காரும் கும்பல் இருக்கும். காலையில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும். இந்தக் கடைசி வரி ஆண்களுக்கும்தான்.

எந்த லென்ஸ்? புழுதிக்கு என்ன செய்வது?

ஒரு சாதாரண 24–70 போதும். மலைக்கு ஒரு ஜூம் இருந்தால் நல்லது. வெளியிடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள், ஆட்டோவுக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள். மேலூர் பக்கம் கிரானைட் தூசு நைசாக இருக்கும், சென்சாரில் ஒட்டினால் லேசில் போகாது. ஏ.சி. ரூமிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்து திறங்கள். ரா ஃபார்மட்டில் எடுங்கள். இங்கே வெள்ளை வேட்டியும் கருத்த முகமும் ஒரே சட்டத்தில் வரும். முகத்துக்கு அளவு வைத்துக்கொண்டு வேட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முகத்தைக் கருப்பாக்கி வேட்டியைக் காப்பாற்றிய படங்கள் நிறையப் பார்த்துவிட்டேன்.

ட்ரோன்?

கோயில் பக்கம் நினைக்கவே கூடாது. விமான நிலையமும் ஊருக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். அரிட்டாபட்டியில் வல்லூறு கூடு வைத்திருக்கும் பாறைக்கு மேலே ட்ரோன் விட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பறவை கிளம்பிவிட்டது, திரும்ப வர ஒரு மணி நேரம் ஆனது. என்னிடம் கேட்டால் ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஆபீஸ் சட்டையிலேயே மலைக்குப் போய்விட்டு அப்படியே மீட்டிங்குக்கு வந்தால் என்ன?

நான் செய்து பார்த்தேன். காலை எட்டரைக்குச் சமணர் மலையிலிருந்து இறங்கியபோது சட்டை நனைந்திருந்தது, ஆட்டோக் காற்றில் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். கிளையண்ட் முன்னால் கோட்டைக் கழற்றிய பிறகுதான் முதுகில் உப்பு வரி வரியாக வரைபடம் போட்டிருப்பதை என் சீனியர் கவனித்தார். மாற்றுச் சட்டை ஒன்று, துண்டு ஒன்று, பழைய ஷூ ஒன்று தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழக்குயில்குடி அடிவாரத்தில் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று சட்டை மாற்றலாம். அங்கே காலையில் கடை போடுகிற அக்காவிடம் கேட்டால் முகம் கழுவத் தண்ணீரும் தருவார்.